பானெட்டு மேல மூணு பொட்டு

பைய நானே மடியில வெச்சுக்கறனுங்க, பரவால்ல. கனந்தான். கீழ வெச்சா பஸ்ஸு குலுக்கற குலுக்குல எதாச்சும் ஆயிருமோன்னு ஒரு பயம். உள்ள மிசினு இருக்குது. இல்லீங்க, தையல் மிசினு இல்ல. காருக்குப் பாலீஸ் போடற மிசினு.

சிரிங்க சிரிங்க, தப்பில்ல. கார் பாலீஸ் மிசின மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தன் பஸ்ஸுல போறான்னா சிரிப்பு வரத்தான் செய்யும். கார் இருக்குதுங்க தம்பி. ஊட்டு முன்னால நிக்குது. பழைய பெட்சீட்டு ஒண்ணப் போட்டு மூடி வெச்சிருக்கறேன். அதை எடுத்துக்கிட்டு ரோட்டுல வர முடியாது. ஏன் முடியாதுன்னு சொல்லப் போனா அது பெரிய கதை. நீங்க எதுவரைக்கும் போறீங்க? நாமக்கல்லா. நான் திருச்செங்கோடு. அப்ப முக்கா மணி நேரம் இருக்குது. பள்ளிபாளையம் பாலத்துல நெரிசல் இருந்தா இன்னும் கூட ஆகும்.

நான் ஈ.பி.ல இருந்தனுங்க. குழந்தைவேலுன்னா கோபியில எல்லாருக்கும் தெரியும். லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனேன். பதினோராயிரம் வோல்ட்டு லைன்ல முப்பத்தொரு வருசம் வேலை பாத்தவன், உடம்புல ஒரு தழும்பு கெடையாது. இதை எதுக்குச் சொல்றேன்னா, மிசினுன்னா எனக்கு ஒண்ணும் புதுசில்ல. அதை நீங்க மனசுல வெச்சுக்கோணும். ஏன்னா இப்ப எங்க வீதியில, 'இந்த வயசுல தெரியாத வேலையில கைய வெச்சு காரக் கெடுத்துக்கிட்டான்'னு பேசிக்கறாங்க. பேசட்டும்.

எங்களுக்கு ஒரே பையன். கோகுல்னு பேரு, பெங்களூர்ல வேலை. வர்ற புதன்கெழமை அவனுக்கு உப்புச் சர்க்கரை மாத்தறோம், நிச்சயந்தானுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க பவானி. வசதியான எடம். அவங்க ஊட்டு வாசல்ல மூணு காரு நிக்குது, மூணும் மொகம் பாக்கலாம் போல இருக்குது. நம்ம காரு பன்னண்டு வருசத்து காரு. கருநீலம். கருநீலத்துல ஒரு கெரகம் பாருங்க, ஒரு தொடப்புத் துணி பட்ட கோடு கூட வெயில்ல பளிச்சுனு தெரியும். இத ஓட்டிக்கிட்டுப் போயி அந்த மூணு காருக்குப் பக்கத்துல நிறுத்தறதான்னு எனக்கு மனசே ஆகல.

ஒர்க்‌ஷாப்புல விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாருந்தான் கேட்டாங்க. கோகுலும் கேட்டான். நான் காரை ஒர்க்‌ஷாப்புல விடறத நிறுத்தி நாலு வருசமாச்சுங்க. ஆயில் மாத்தறதக் கூட ஊட்லயே பண்ணிக்குவேன். அதுக்கு ஒரு காரணம் இருக்குது. இப்ப அது எதுக்கு, உடுங்க.

டிக்கெட்டு எடுத்தாச்சுங்க, எடுத்தாச்சு. இவரு இதோட ரெண்டாவது தடவ கேக்கறாரு.

எதுல உட்டேன்? ஆங், பாலீஸ். போன்ல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான். பத்து நிமிசம். மொகம் பாத்துச் சவரமே பண்ணிக்கலாம், அந்த மாதிரி பானெட்ட பளபளன்னு கொண்டுவந்து நிறுத்தறான். நாலு தடவ பாத்தேன். அஞ்சாவது தடவ பாக்கறப்ப, இதுல என்ன இருக்குது, ஒரு கம்பளி வட்டு, ஒரு மோட்டாரு, ஒரு டப்பா கம்பவுண்டுப் பசை, கைய அங்கயும் இங்கயும் ஆட்டறான், இதுக்கு ஒரு ஆளான்னு ஆயிப்போச்சு. உண்மையச் சொல்லீடறனே தம்பி, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வெறியே இருந்துச்சு. இதெல்லாம் ஒரு தொழிலு, இதுல கைவண்ணம்னு வேற பேசறானுக, நான் ஒரே நாள்ல பண்ணிக் காட்டறேன் பாருன்னு. யாருக்குக் காட்டறதுன்னு கேக்காதீங்க. சும்மா ஒரு பேச்சுக்கு.

மிசினு வந்துச்சு. கூட ஒரு காயிதம் இருந்துச்சு, பொடிப்பொடி எழுத்துல. கண்ணாடி உள்ள இருந்துச்சு, போயி எடுக்கல. மோட்டாரப் பத்தி எனக்கு ஒரு காயிதம் என்னத்தச் சொல்லப் போகுது?

போன ஞாயித்துக்கெழமை. காலையில பதனோரு மணி இருக்கும். நல்ல வெயிலு. பானெட்டுல கை வெக்க முடியல, அப்பிடிச் சுட்டுச்சு. சூடா இருந்தாத்தான் மருந்து நல்லாப் பிடிக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். நெழல்ல வெச்சு, ஆறினப்பறந்தான் பண்ணோணுமாம். அப்பறந்தான் தெரிஞ்சுது. இன்னொண்ணு, பானெட்டுல நடுவுல ரெண்டு மடிப்பு மேடா வரும் பாருங்க, அது மேல எல்லாம் காயித டேப்பு ஒட்டி மறைச்சுக்கோணுமாம். மேட்டுல பெயிண்டு மெலிசா இருக்கும், மிசினு பட்டா மொதல்ல போறது அதுதான். வீடியோவுல அவன் ஒட்டறான். நான் அந்த எடத்தையெல்லாம் தள்ளித் தள்ளி ஓட்டித்தான் பாத்தேன்.

வட்டு மேல கம்பவுண்ட நல்லா தோசைக்குச் சட்னி வெக்கற மாதிரி வெச்சு, காருல ஒத்தாம, சுவிட்சப் போட்டேன் பாருங்க. ஒரே நொடி. என் மொகத்துல, சட்டையில, வெள்ளையடிச்ச செவுத்துல, கொடியில காஞ்சிட்டிருந்த வேட்டி சேலை எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையாப் புள்ளி. ஊட்டுக்காரி டீ எடுத்துக்கிட்டு வெளிய வந்தது, அப்பிடியே நின்னுருச்சு. மொகத்த முந்தானையில தொடச்சு உட்டுது. சிரிக்கக் கூட இல்ல. மயிலாத்தா அப்பிடித்தான், சத்தம் போடற ரகமில்ல.

டீயக் கையில குடுத்துட்டு சொல்லுச்சு. "ஏனுங்க, எல்லாம் போடுங்க. அந்த மூணு பொட்டு இருக்கற எடத்த மட்டும் உட்ருங்க"ன்னுச்சு.

அது என்னன்னா, பானெட்டு நடுவுல மூணு வட்டமா கறை இருக்குது. ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சு அது மேல குங்குமம் வெப்பமல்லொ, அந்தக் கறை. அன்னிக்கே கழுவியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. கழுவாம ஒரு வாரம் வெயில்ல நின்னு, பெயிண்டுக்குள்ள எறங்கிப் போச்சு. நடுப்பொட்டு மட்டும் சித்தெ மேல ஏறி, கோணலா இருக்கும். அது எப்ப வெச்சாலும் அப்பிடித்தான் வெக்கும். சின்னதுல இருந்தே நேரா வெக்க வராது. சைக்கிளுக்கு வெச்சாலும் கோணல், என் ஸ்கூட்டருக்கு வெச்சாலும் கோணல், கிரைண்டருக்கு வெச்சாலும் கோணல். நான் கேலி பண்ணுவேன். "அப்பா, சாமிக்குக் கோணலெல்லாம் கண்ணுக்குத் தெரியாது"ன்னு சொல்லும்.

யாருன்னு கேக்கறீங்களா?

பொம்பளப் புள்ள ஒண்ணு இருந்துச்சுங்க. இருக்குது. மூத்தது. இஞ்சினீரிங் படிக்க வெச்சேன்.

இந்தக் காரை அப்ப ஒர்க்‌ஷாப்புல தாங்க உட்டுக்கிட்டு இருந்தேன். நம்ம கோபியிலயே. அங்க பெயிண்டு வேலை, பாலீஸ் வேலை பாத்துக்கிட்டு ஒருத்தன் இருந்தான். கை சுத்தமான வேலைக்காரன்னு நானே நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கறேன். அவன் எடுத்துட்டுப் போறதும், கொண்டாந்து உடறதும், வாசல்ல நின்னு தண்ணி வாங்கிக் குடிக்கறதும். நான் லைன்ல கம்பிக்கு நடுவுல இருக்கற எடவெளிய கண்ணாலயே அளந்து சொல்லுவேன். ஊட்டு வாசல்ல நடந்தது கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. நகக்கண்ணுல கம்பவுண்டோட ஒருத்தன், நாலு வருசம் இஞ்சினீரிங் படிச்ச புள்ள. ஆயுத பூசை கழிஞ்ச மறுநாள் அவங்கூடப் போயிருச்சு. ரிஜிஸ்தர் ஆபீஸுல கையெழுத்துப் போட்டுட்டு போன் பண்ணுச்சு. அந்த வாரம் ஊட்ல அடுப்பே ஒழுங்கா எரியல, காரை யாரு கழுவறது? அப்பிடித்தான் அந்தக் கறை எறங்குச்சு.

அதோட சரி. அந்தப் பேச்சே ஊட்ல எடுக்கக்கூடாதுன்னு சொல்லீட்டேன். மயிலாத்தாளும் எடுத்ததில்ல. நாலு வருசத்துல ஒரு நாள், ஒரு வார்த்தை எடுத்ததில்ல. அந்த மட்டுக்கும் சொன்னா சொன்ன பேச்சக் கேக்கற பொம்பள. வெள்ளிக்கெழமையானா காரைத் தொடச்சு, அந்த மூணு கறை மேலயே சரியா மூணு பொட்டு வெக்கும், நடுப்பொட்டக் கோணலா. பூசை பண்ணுதுன்னு நானும் உட்டுட்டேன்.

அதனால அன்னிக்கு அந்த எடத்த உட்ருங்கன்னு சொன்னப்ப, சாமி விசயம்னு சொல்லுதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். "சாமி ஊட்டுக்குள்ள இருக்குது, பானெட்டுல இல்ல. காரு பூரா மின்னும், நடுவுல மூணு கறை நின்னா பவானிக்காரங்க என்னன்னு கேக்க மாட்டாங்களா? மொதல்ல அதைத்தான் எடுக்கப் போறேன்"னு சொன்னேன். சொல்லீட்டு சுவிட்சப் போட்டுட்டேன். அது என்னமோ சொல்லுச்சு. மோட்டார் சத்தத்துல காதுல உழுகல, வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. என்னன்னு நான் அப்பறமும் கேட்டுக்கல. வேலைன்னு எறங்கிட்டா எனக்கு வேற கவனம் போகாதுங்க, டிப்பார்ட்மெண்டுலயே அப்பிடித்தான் பேரு.

மொத ரெண்டு நிமிசம், அடடா! சொன்னா நம்ப மாட்டீங்க. ஓரத்துல வட்டு போன எடமெல்லாம் தண்ணி மாதிரி வானம் தெரியுது. பக்கத்தூட்டு மாமரம் தெரியுது. என் மொகம் தெரியுது. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லீங்க. அப்பறம் நடுவுக்கு வந்தேன். மூணு கறையும் போகல. தேச்சேன், போகல. ஸ்பீட ஏத்தினேன். அதுல ஸ்பீடக் கம்மி பண்ண ஒரு சக்கரம் இருக்குது, ஏத்தறதுக்கு எப்பிடித் திருப்பறதுன்னு மட்டுந்தான் நான் பாத்து வெச்சிருந்தேன். உடம்போட கனத்தையெல்லாம் மிசினு மேல போட்டு அழுத்தினேன். ஒரே எடத்துல வெச்சு அழுத்தினேன். வட்டு நீலமா ஆச்சு. அழுக்கு வருது, நாலு வருசத்து அழுக்கு வருதுன்னு எனக்குக் குசி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அழுத்தறேன்.

அழுக்கு நீலமா இருக்குமாங்க தம்பி? அழுக்குன்னா கருப்பாத்தான் இருக்கும். இந்தக் காரு பெயிண்டு மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு இருக்குதாமா. அது இருக்கறவரைக்கும் வட்டுல கலரே ஒட்டாதாம். வட்டுல கலரு வந்துச்சுன்னாலே மேல்பூச்சு போயிருச்சு, நிறுத்துன்னு அர்த்தமாம். எனக்கு யாரு சொன்னா? ஒரு வாசம் வேற வந்துச்சு. ஒயர் கருகற மாதிரி. அந்த வாசம் எனக்குத் தெரியாத வாசமா? எங்கியோ லைன்ல இருந்து வருதுன்னு தலைய மேல தூக்கிக் கம்பியப் பாக்கறேன். கை கீழ அழுத்திக்கிட்டே இருக்குது.

நிறுத்திட்டுத் தொடச்சுப் பாத்தா, கறை இல்ல. மூணும் இல்ல. அந்த எடத்துல உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலரு. நடுப்பொட்டு இருந்த எடத்துல, மடிப்பு மேட்டு மேல, தகரமே வெள்ளையாத் தெரியுது. கருநீலக் காருல நடு நெத்தியில அப்பிடி ஒரு எடம்.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மிசின ஓரமா வெச்சேன். வெயில் வேற. மயிலாத்தா வந்துச்சு. திட்டுமுன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், நீ நடுவுல பேச்சுக் குடுத்ததாலதான் கை மாறிப் போச்சுன்னு சொல்லியிருப்பேன். வோல்டேஜ் ஏறி எறங்குச்சுன்னும் சொல்லியிருப்பேன். அது மோதிர வெரல வெச்சு அந்தச் சாம்பல் எடத்துல மூணு தடவ தொட்டுது. வெரலுல நீலமாத் தூளு ஒட்டுச்சு. அதை முந்தானையில தொடைக்காம, அப்பிடியே பிடிச்சுக்கிட்டு உள்ள போச்சு.

மத்தியானம் சோத்தப் போட்டு மூடி வெச்சுட்டு, ஒரு பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு. "எங்க?"ன்னேன். "போயிட்டு வர்றனுங்க"ன்னுச்சு. அந்தியூர்ல அது கூடப் பொறந்தவன் ஊட்டுக்குப் போகுது, கார் போச்சேங்கற வருத்தத்துல போகுது, ரெண்டு நாள்ல வந்துரும்னு இருந்துட்டேன். ஒரு பானெட்டுக்காகப் பொம்பள இப்பிடிக் கோவிச்சுக்கறதான்னு எனக்குக் கூட ஒரு கோவம்.

செவ்வாக்கெழமை அந்த மச்சானே போன் பண்ணி, "அக்கா எப்பிடி இருக்குதுங்க மாமா?"ன்னு கேக்கறான். அப்ப அது அங்க போகல. நல்லாருக்குதுன்னு சொல்லி வெச்சுட்டு, கோகுலுக்குப் போட்டேன்.  அவந்தான் சொன்னான், "அம்மா அக்கா ஊட்ல இருக்குதுங்கப்பா"ன்னு. திருச்செங்கோட்டுல. அந்த ஒர்க்‌ஷாப்புக்காரன் இப்ப அங்க சொந்தமா ஒரு ஷெட்டுப் போட்டிருக்கறானாம். பின்னாலயே ஊடாமா. கோகுல் போயிட்டு வந்துட்டுத்தான் இருந்திருக்கறான். எனக்குத்தான் தெரியல.

பாத்தீங்ளா, பாலம் வந்துருச்சு. இன்னிக்கு நெரிசலக் காணோம். வேணுங்கற அன்னிக்கு இருக்காது.

இன்னிக்கு ஞாயிறு. புதன்கெழமை உப்புச் சர்க்கரை. தாய் இல்லாம என்னன்னு போயி நிக்கறது? பவானிக்காரங்க, சம்பந்தியம்மா எங்கன்னு மொத கேள்வியே கேப்பாங்க. சமையல், பானெட்டு, அதெல்லாம் உடுங்க. தட்டு தூக்க ஆளு வேணுமில்ல? கோகுல்கிட்ட, அம்மாவ வரச் சொல்லுன்னேன். அது சொல்லி அனுப்பியிருக்குது. "உங்கப்பா வாசல்ல வந்து நின்னு, முன்ன கூப்பிட்டாப்பல என்னயக் கூப்பிடோணும். கூப்பிட்டாக் கெளம்பி வர்றேன்"னு. அவ்வளவுதான் கேட்டுது. வேற ஒண்ணும் கேக்கல.

உங்களுக்கு வெளங்கலையா? எங்க பக்கம், எங்க வயசு ஆளுக, பொண்டாட்டியப் பேரு சொல்லி வெளிய கூப்பிட மாட்டோமுங்க. நான் உங்ககிட்ட மயிலாத்தா மயிலாத்தான்னு சொல்றனே, அதுகிட்ட நேருக்கு நேரு ஒரு நாள் சொன்னதில்ல. மூத்த குழந்தை பேரச் சொல்லித்தான் கூப்பிடறது. பெத்த மூணாம் நாள்ல இருந்து எங்கூட்ல அப்பிடித்தான். நான் டூட்டி முடிஞ்சு வந்து வாசல்ல நின்னு, "பூங்கொடீ"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். சமையக்கட்டுல இருந்து "என்னங்க"ன்னு ஒரு குரலு, ரூம்புல இருந்து "என்னப்பா"ன்னு ஒரு குரலு. ரெண்டும் ஒண்ணா வரும். யாரக் கூப்பிட்டேன்னு அதுகளுக்கே தெரியாது. சிரிச்சுக்குவாங்க.

நாலு வருசமா நான் எதச் சொல்லிக் கூப்பிடறது? தொண்டையச் செருமுவேன். கதவுல தட்டுவேன். "இந்தா"ம்பேன். டம்ளரக் கீழ ஓங்கி வெப்பேன், டீ வேணும்னு தெரிஞ்சுக்கும். எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு இது ஒரு கொறையா இருக்கும்னு நான் நெனச்சதே இல்லீங்க. சத்தியமா நெனச்சதில்ல. கேட்டிருந்தா எதாச்சும் பண்ணியிருப்பேன். அது கேக்கவும் இல்ல, நான்தான் பேசக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தனே.

அலுப்பா இருக்குதுங்க. நாலு வருசம் மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தாப்பல ஒரு அலுப்பு. கோவத்துல இருக்கறவனுக்குத் தெம்பு வேணும் தம்பி. கைய நீட்டி மிசினப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாப்பலதான். பத்து நிமிசம் நிக்கலாம். அப்பறம் தோளு இத்துப் போயிருது.

மிசினா? இது இனி எனக்கு எதுக்கு? திருப்பி அனுப்பலாம்னா வட்டு நீலமா இருக்குது, எடுத்துக்க மாட்டாங்க. ஊட்ல கெடந்தா போறப்ப வர்றப்ப கண்ணுல படுது. அதான் தூக்கியாந்தேன். அந்தத் தினகரன்... அவன் பேரு தினகரன்... அவனுக்காச்சும் ஆகட்டும். நான் குடுக்கறேன்னு இல்ல. வாசல்ல வெச்சுட்டு வந்துருவேன், எடுத்துக்கறான், எடுத்துக்காமப் போறான். பானெட்டச் சரி பண்ண முடியுமான்னெல்லாம் கேக்கப் போறதில்ல. சாம்பல் வரைக்கும் போயிட்டா பாலீஸ்ல ஆகாது, திரும்ப பெயிண்டுதான் அடிக்கோணும்னு வீடியோவுல சொல்றான். அந்தக் கருநீலத்த அப்பிடியே சேத்தறது லேசுல வராதாமா. கை சுத்தமான ஆளா இருக்கோணுமாம்.

வந்துருச்சாட்ட இருக்குதே? அந்த மலை தெரியுது. எறங்கோணும். ஷெட்டு ரோட்டு மேலயே இருக்குது, முன்னால ஒரு லாரி கேபின் நிக்கும், அதாண்ட எறங்குங்கப்பான்னு கோகுல் சொன்னான்.

நான் காலையில ஊட்ல ஒரு தடவ சொல்லிப் பாத்தனுங்க. கண்ணாடி முன்னால இல்ல, சும்மா காருகிட்ட நின்னு. கொரலு வரலை. காத்துதான் வந்துச்சு. ஈ.பி.ல கம்பத்து மேல இருந்து கீழ இருக்கறவனுக்குச் சத்தம் குடுத்தா நாலு வீதிக்குக் கேக்கும், அந்தக் கொரலுங்க.

கண்டக்டர், எறக்கம் இருக்குதுங்க! இந்தா எந்திரிச்சுட்டேன். தம்பி, இந்தப் பைய ஒரு கை பிடிங்க, நான் எறங்கினதும் குடுங்க.

கூப்பிட்டுருவனுங்க. கூப்பிடாம என்ன, தொண்டை வந்துரும். கூப்பிடறது கூடப் பெருசில்ல. ஒரே பேரு, உள்ள ரெண்டு பேரு இருக்கறாங்களே, அதை நெனச்சாத்தான் கால் வர மாட்டேங்குது. அம்மா மொதல்ல வந்தா 'கெளம்பு, நேரமாச்சு'ன்னுருவேன். 'என்னப்பா'ன்னுட்டு அது மொதல்ல வந்து நின்னா, நான் என்னன்னு சொல்றது?